வடசென்னையிலிருந்து குளிர் ஊருக்கு: பெட்டி கட்டுவதற்கு முன் படிக்க வேண்டியவை

ஜனவரி விடியலில் 20 டிகிரி காட்டினாலே காசிமேட்டில் மங்கி குல்லா வெளியே வந்துவிடும். அந்த உடம்போடுதான் டெல்லிக்கு வேலைக்கும், லடாக்கில் உள்ள லேவுக்குப் பணிக்கும், கனடாவுக்குப் படிப்புக்கும் போகிறோம். போகிறவர்கள் முதலில் செய்வது, இருப்பதிலேயே தடிமனான ஜாக்கெட்டை வாங்கிப் பெட்டியில் திணிப்பது. பெட்டியில் பாதியை அது பிடித்துக்கொள்ளும். போய்ச் சேர்ந்த பிறகு பார்த்தால் டெல்லி அறைக்குள் ராத்திரி போட்டுத் தூங்க முடியாது, கனடாவின் காற்றுக்கும் தாங்காது. அந்தச் செலவும் அவதியும் உங்களுக்கு வேண்டாம். கீழே உள்ள வரிசையில் போங்கள்.

1. குளிர் வீட்டுக்குள்ளா, வெளியிலா?

ஊர் எத்தனை டிகிரி என்று கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள். வாங்கும் சாமான் முழுக்க இதை வைத்துத்தான் மாறும்.

டெல்லி, லக்னோ, சண்டிகர் பக்கம் சாதாரண வீடுகளைச் சூடாக்கும் ஏற்பாடு கிடையாது. வெளியே 5 டிகிரி என்றால் சுவரும் தரையும் கட்டிலும் சில்லென்றுதான் இருக்கும். மதியம் வெயிலில் நிற்பவருக்குக் குளிராது, அறைக்குள் உட்கார்ந்து படிப்பவருக்கு நடுங்கும். அங்கே வீட்டுக்குள் நாள் முழுக்கப் போட்டிருக்கும் துணியும் போர்வையும்தான் முக்கியம்.

கனடாவில் வெளியே மைனஸ் 25 இருந்தாலும் வீட்டுக்குள் 20, 21 டிகிரி. உள்ளே டீ-ஷர்ட் போதும். வெளியே போகும்போது போட்டு, உள்ளே வந்ததும் கழற்ற வசதியான துணி வேண்டும். பஸ்ஸிலும் கடையிலும் சூடு போட்டிருப்பார்கள். கழற்ற முடியாத துணியில் வேர்த்து, அந்த ஈரத்தோடு வெளியே வந்தால் குளிர் இரண்டு மடங்கு பிடிக்கும்.

பிரிட்டன், ஜெர்மனியில் குளிர் அவ்வளவு கடுமையில்லை. ஈரமும் இருட்டும்தான் அங்கே பாடாய்ப் படுத்துபவை. காஷ்மீரிலும் லடாக்கிலும் உள்ளேயும் குளிர், வெளியேயும் குளிர். லடாக்கில் உயரமும் சேர்ந்துகொள்ளும்.

2. எதை எப்போது செய்வது

ரயில் என்றால் 60 நாளுக்கு முன் முன்பதிவு திறக்கும், அன்றே போடுங்கள். தட்கலை நம்புவதாக இருந்தால் ஐஆர்சிடிசி கணக்கில் ஆதாரை இப்போதே இணைத்து வையுங்கள். கடைசி நேரத்தில் ஓடிபி வரவில்லை என்று தவித்துப் பயனில்லை.

புறப்பட ஒரு மாதம் இருக்கும்போது மருத்துவரைப் பாருங்கள். பிரஷர், சர்க்கரை, ஆஸ்துமா உள்ளவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். இரண்டு வாரம் இருக்கும்போது உள்ளே போடும் துணி வாங்குங்கள். ஒரு வாரம் இருக்கும்போது, போவது காஷ்மீர் அல்லது லடாக் என்றால், சிம்மை போஸ்ட்பெய்டாக மாற்றுங்கள். நம் ஊர் ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது. ஸ்ரீநகரில் இறங்கிய பிறகு இதைத் தெரிந்துகொண்டால் வீட்டுக்கு ஒரு போன் போடக்கூட ஓட்டல்காரரைத்தான் கேட்க வேண்டும்.

தடிமனான பூட்ஸ், பெரிய கோட்டு இரண்டையும் சென்னையில் வாங்காதீர்கள். காரணம் கீழே வருகிறது.

3. துணி: மூன்று அடுக்கு

உடம்பை ஒட்டி முதல் அடுக்கு, சூட்டைப் பிடித்து வைக்க நடு அடுக்கு, காற்றையும் பனியையும் தடுக்க வெளி அடுக்கு. ஒரே ஒரு தடிமன் துணியைவிட மூன்று மெல்லிய துணி நன்றாகக் காக்கும். அடுக்குகளுக்கு நடுவே நிற்கும் காற்றுதான் சூட்டைப் பிடித்து வைக்கிறது.

முதல் அடுக்குக்குத் தெர்மல். மேல், கீழ் சேர்ந்த ஒரு செட் ஏறத்தாழ 600 முதல் 1,200 ரூபாய்க்குள் கிடைக்கும். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டிலோ சௌகார்பேட்டையிலோ விசாரியுங்கள். இரண்டு செட் போதும், மூன்று இருந்தால் துவைக்க வசதி. வாங்கும்போது உள்பக்கத் துணிச்சீட்டைப் பாருங்கள். ‘100 சதவீதம் காட்டன்’ என்று போட்டிருந்தால் டெல்லிக்கு ஓடும், பனி ஊருக்கு வேண்டாம். காட்டன் வேர்வையைக் குடித்து ஈரமாகவே நிற்கும், அந்த ஈரம் உடம்புச் சூட்டை உறிஞ்சும். பாலியஸ்டர் கலந்ததோ, மெரினோ கம்பளியோ வாங்குங்கள். மெரினோ விலை கூடுதல்.

தெர்மல் ஒட்டி நிற்க வேண்டும், இறுக்கக் கூடாது. கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பாருங்கள். இடுப்புத் தெரிந்தால் அடுத்த அளவு எடுங்கள்.

நடு அடுக்குக்குக் கம்பளி ஸ்வெட்டர் அல்லது ஃப்ளீஸ் என்னும் மெத்தென்ற செயற்கை இழைத் துணி. வீட்டில் யாராவது ஊட்டிக்கு வாங்கிய ஸ்வெட்டர் இருந்தால் அதுவே போதும்.

வெளி அடுக்கைப் போகிற ஊரில் வாங்குங்கள். டெல்லியில் கஷ்மீரி கேட் பேருந்து நிலையத்துக்கு அருகில் உள்ள திபெத்தியர்களின் மொனாஸ்டரி மார்க்கெட்டில் ஜாக்கெட்டும் ஷூவும் குவிந்து கிடக்கும், பேரம் பேசலாம். குல்மார்கில் கோட்டும் பூட்ஸும் நாள் வாடகைக்கே கிடைக்கும். இரண்டு நாள் சுற்றுலாவுக்கு விலை கொடுத்து வாங்குவது வீண். கனடாவில் நவம்பர் கடைசி வாரத் தள்ளுபடியிலும் பழைய துணிக் கடைகளிலும் அந்த ஊர்க் குளிருக்கென்றே தைத்த கோட்டு கிடைக்கும். இங்கே ‘மைனஸ் 20 தாங்கும்’ என்று கடைக்காரர் சொல்வதைச் சோதித்துப் பார்க்கக் கடையில் வழியில்லை.

குல்லா, கழுத்துத் துணி, கையுறை மூன்றையும் மறக்காதீர்கள். கடும் பனியில் ஐந்து விரலுக்கும் தனித்தனி உறை உள்ளதைவிட, நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் மிட்டன்தான் சூடு. விரலுக்கு விரல் சூடு கொடுக்கும்.

4. கால்: அதிகம் பேர் கோட்டை விடும் இடம்

குளிருகிறது என்று இரண்டு காட்டன் சாக்ஸைப் போட்டு, இருக்கிற ஷூவில் காலைத் திணிப்பார்கள். கால் இறுகி ரத்த ஓட்டம் குறையும், உள்ளே காற்று நிற்க இடமிருக்காது, அரை மணியில் விரல் மரத்துவிடும். ஒரே ஒரு கம்பளி சாக்ஸ், அதற்கு இடம் கொடுக்கும் ஷூ. இவ்வளவுதான் வேண்டும்.

பூட்ஸை மாலையில் வாங்குங்கள், பகல் முழுக்க நடந்த கால் கொஞ்சம் உப்பியிருக்கும். போடப்போகும் கம்பளி சாக்ஸைக் கையோடு கொண்டுபோய், அதைப் போட்டுக்கொண்டே பாருங்கள். லேஸைக் கட்டி நின்று, ஐந்து விரலையும் உள்ளே மடக்கி நீட்டுங்கள். தடையில்லாமல் மடங்க வேண்டும். நடக்கும்போது குதிகால் மேலே தூக்கக் கூடாது. பிறகு ஷூவைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பாருங்கள். நகம் வைத்து அழுத்தினால் மெத்தென்று உள்வாங்கும் ரப்பரும் ஆழமான வெட்டும் வேண்டும். நம் ஊர் ஷூக்களின் கெட்டி அடிப்பாகம் குளிரில் கல்லாகி, ஐஸ் மேல் வழுக்கும்.

5. டெல்லியும் வட சமவெளியும்

கடுமையான நாட்கள் டிசம்பர் 20 முதல் ஜனவரி 20 வரை. சமவெளியில் குறைந்தபட்ச வெப்பநிலை 4 டிகிரிக்கோ அதற்குக் கீழோ போனால் வானிலைத் துறை அதைக் குளிரலை என்று அறிவிக்கும்.

பயணம்: சென்ட்ரலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் மூன்றாம் நாள் காலை புது டெல்லி. முதல் இரவு ஃபேன் கேட்பீர்கள். இரண்டாம் இரவு போபால் தாண்டியதும் ஜன்னல் இடுக்கில் வரும் காற்று எலும்பில் இறங்கும். ஸ்லீப்பரில் டிக்கெட்டோடு ரயில்வே போர்வை தராது, ஏசி பெட்டிகளில் மட்டும்தான். கம்பளியும் சாக்ஸும் குல்லாவும் சீட்டுக்கு அடியில் பூட்டிய பெட்டியில் இருந்தால் பயனில்லை, கையில் எடுக்கும் பையில் மேலாக வையுங்கள்.

மூடுபனியில் கடைசிக் கட்டமான ஆக்ரா–மதுரா–டெல்லி பகுதியில்தான் ரயில் ஊரும். பல மணி நேரத் தாமதம் சகஜம். தேர்வு, நேர்காணல், வெளிநாட்டு விமானம் எதுவாக இருந்தாலும் ஒரு நாள் முன்னதாகப் போய்ச் சேருங்கள். விமானம் என்றால், விடியலில் இறங்குவதை விட்டுப் பகல் 12 மணிக்குப் பிறகு இறங்குவதைப் போடுங்கள்.

திரும்பும் ரயில் நீங்கள் ஏறும் நிலையத்தில் 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, நீங்கள் பயணம் செய்யவில்லை என்றால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும். ஆனால் ரயில் உண்மையில் புறப்படுவதற்கு முன் டிடிஆர் என்னும் பணம் திரும்பக் கேட்கும் விண்ணப்பத்தைப் பதிய வேண்டும். புறப்பட்ட பிறகு பதிந்து பணத்தை விட்டவர்கள் நிறையப் பேர். ரயிலையே ரத்து செய்துவிட்டால் இணைய டிக்கெட்டுக்குத் தானாகப் பணம் வரும், நீங்கள் எதுவும் பதிய வேண்டாம்.

அறை: வாடகைக்குப் பார்க்கும்போது வெயில் விழும் அறையா என்று பாருங்கள். தெற்கு பார்த்த ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள். ரஜாய் என்னும் பஞ்சு மெத்தைப் போர்வை ஒன்று அங்கேயே வாங்குங்கள். தரையில் படுக்காதீர்கள். கட்டிலில் படுத்தாலும் அடியில் ஒரு கம்பளி விரியுங்கள், சூடு கீழ்வழியாகவும் இறங்கும்.

ஹீட்டர்: 2,000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரத்துக்கு 2 யூனிட் தின்னும், கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். சார்ஜர் மாட்டும் 6 ஆம்பியர் பிளக்கிலோ எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலோ போட்டால் உருகிவிடும். 16 ஆம்பியர் பிளக் அறையில் இருக்கிறதா என்று அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே பாருங்கள்.

வெந்நீர்: கீசர் இல்லாத அறையில் இம்மர்ஷன் ராட்தான் கதி. 1,500 வாட் ராட் ஒன்று 20 லிட்டர் தண்ணீரை 12 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குக் கொண்டுவர அரை மணிக்குச் சற்றுக் குறைவாக எடுக்கும், செலவு முக்கால் யூனிட்டுக்கும் குறைவு. பிளாஸ்டிக் வாளியை ஒட்டி வைத்தால் வாளி உருகும். இரும்பு வாளியில் மின்சாரம் பாயும். பிளாஸ்டிக் வாளியின் குறுக்கே மரக்கட்டை வைத்து, நடுவில் தொங்கவிடுங்கள். சூடு வந்துவிட்டதா என்று கையை விட்டுப் பார்க்கும் பழக்கம்தான் ஆளைக் கொல்வது. சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ராடை வெளியே எடுத்த பிறகுதான் கை தண்ணீரில் பட வேண்டும்.

அங்கீட்டி: இதைக் கருத்தாகப் படியுங்கள். வடக்கே கரியோ விறகோ போட்ட அடுப்பை அறைக்குள் வைத்துக் குளிர் காய்வார்கள். கதவை மூடிக்கொண்டு அதோடு தூங்கினால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை இல்லை, கண் எரியாது, தூங்குகிறவர் விழிக்கவே மாட்டார். ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஒரே அறையில் கூட்டாகத் தங்கிய தொழிலாளர்கள் இப்படிச் சாகிறார்கள். நம் கொடைக்கானலிலேயே பார்பிக்யூ அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கி உயிர் போயிருக்கிறது. தணல்தானே, புகையே இல்லையே என்று எண்ணாதீர்கள், தணலில்தான் ஆபத்து. தலைவலியும் குமட்டலும் மயக்கமும் சேர்ந்து வந்தால் முதல் வேலை வெளிக்காற்றுக்கு வருவது. காற்றோட்டமில்லாத குளியலறையில் கேஸ் கீசர் இருந்தாலும் இதே ஆபத்துதான்.

டெல்லியில் குளிரோடு புகையும் உண்டு. என்95 மாஸ்க் பத்து, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இன்ஹேலர் இரண்டு கையோடு இருக்கட்டும். நடைப்பயிற்சியை விடியலில் வைக்காதீர்கள், புகை தரையோடு படிந்திருக்கும் நேரம் அது.

6. காஷ்மீரும் லடாக்கும்

டிசம்பர் 21 முதல் ஜனவரி 29 வரையான 40 நாளைக் காஷ்மீரிகள் சில்லாய் கலான் என்பார்கள். குழாயில் தண்ணீர் உறையும், மின்வெட்டு வரும், ஜம்மு–ஸ்ரீநகர் நெடுஞ்சாலை பனியாலும் மண்சரிவாலும் மூடப்படும். திரும்பும் பயணத்துக்கு முன் இரண்டு நாளைச் சும்மா விட்டு வையுங்கள். அங்கே ஃபெரன் அங்கிக்குள் காங்கிடி என்னும் தணல் சட்டியை வைத்துக்கொள்வார்கள். பழகாதவர்கள் முயற்சி செய்ய வேண்டாம். சர்க்கரையால் கால் மரத்தவர்களுக்கு வெந்து போவதே தெரியாது.

லே 3,500 மீட்டர் உயரம். தண்டையார்பேட்டை கடல்மட்டத்தை ஒட்டி இருக்கிறது. விமானத்தில் நேராகப் போய் இறங்கினால் முதல் 48 மணி நேரம் படுக்கை, தண்ணீர், லேசான சாப்பாடு, வேறு எதுவும் வேண்டாம். முதல் நாள் நன்றாக இருக்கிறதே என்று மேடேறிப் படம் எடுக்கப் போகிறவர்தான் ராத்திரி வாந்தியும் தலைவலியுமாகக் கிடப்பார். தலைவலி கூடிக்கொண்டே போனால், நடை தள்ளாடினால், படுத்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் உடனே லே மருத்துவமனைக்குப் போங்கள், காலை வரை காத்திருக்க வேண்டாம். உயரத்தால் வரும் இந்த நோயைத் தடுக்கும் அசிட்டசோலமைடு மாத்திரையைச் சென்னையிலேயே மருத்துவரிடம் கேட்டு, அவர் சொன்னால் மட்டும் எடுங்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர் அதை முன்பே சொல்ல வேண்டும்.

7. கனடா

வானிலைச் செயலியில் டிகிரியை மட்டும் பார்க்காதீர்கள், காற்றும் சேர்ந்து உடம்புக்கு எவ்வளவு குளிரும் என்று காட்டும் காற்றுக் குளிர் எண் (விண்ட் சில்) தனியாகப் போட்டிருக்கும், அதைப் பாருங்கள். அது மைனஸ் 28க்குக் கீழே போனால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையலாம். மைனஸ் 40 தாண்டினால் 5 முதல் 10 நிமிடம். பஸ் நிற்குமிடத்தில் காத்திருக்கும் நேரத்தையும் கணக்கில் சேருங்கள்.

கோட்டு அங்கே வாங்கினாலும், விமான நிலையத்திலிருந்து வீடு போகும் வரைக்கும் துணி வேண்டும். தெர்மல், ஸ்வெட்டர், ஒரு நடுத்தர ஜாக்கெட், குல்லா, கையுறை. இவை கைப்பையிலேயே இருக்கட்டும். நடுவில் விமானம் மாறும்போது பெட்டி தவறுவது சாதாரணமாக நடக்கிற ஒன்று. பெட்டி வராமல், டீ-ஷர்ட்டோடு மைனஸ் 20ல் டாக்சிக்கு நிற்கும் நிலை வரக் கூடாது. பவர் பேங்கும் கைப்பையில்தான் போக வேண்டும்.

போனைப் பேண்ட் பாக்கெட்டில் வைக்காதீர்கள், குளிரில் பேட்டரி 40 சதவீதத்திலிருந்தே படுத்துவிடும். கோட்டின் உள்பாக்கெட்டில் வையுங்கள். வீட்டுக்குள் ஹீட்டிங் காற்றை உலர்த்தி எடுக்கும். மூக்கில் ரத்தம் கசிந்தால் பயப்பட வேண்டாம், தண்ணீர் அதிகம் குடித்து, அறையில் ஈரப்பதம் கூட்டும் கருவி வையுங்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே உறைந்துவிடுவது தெரிந்ததுதான். தோலுக்கு வாசலின் எடுத்துப் போங்கள்.

காப்பீட்டைப் புறப்படும் முன்பே பாருங்கள். ஒன்டாரியோ மாகாணத்தின் மருத்துவக் காப்பீடான ஒஹிப் திட்டம் வெளிநாட்டு மாணவர்களுக்கு இல்லை, கல்லூரி வழியாக வேறு காப்பீடு எடுக்க வேண்டும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் மாகாணக் காப்பீடு தொடங்க, வந்து சேர்ந்த மாதத்தின் மிச்ச நாட்களும் அதன்மேல் இரண்டு மாதமும் ஆகும். வழுக்கி விழுந்து கை முறிவது முதல் குளிர்காலத்தில்தான். இடைப்பட்ட காலத்துக்குத் தனியார் காப்பீடு இல்லாமல் இருக்காதீர்கள். ஐஸில் நடக்கும்போது கையைப் பாக்கெட்டிலிருந்து வெளியே எடுத்து, சின்னச் சின்ன அடியாக, பாதம் முழுவதும் பட நடங்கள்.

8. பிரிட்டன், ஜெர்மனி

இங்கே மழைக்குத் தாங்கும் ஜாக்கெட் முக்கியம். லண்டனில் டிசம்பரில் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் எல்லோரும் நாளுக்கு 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுப்பதைப் பற்றி யோசிக்கலாம் என்கிறது பிரிட்டன் சுகாதாரத் துறை. நம் நிறத்தோலுக்கு அது இன்னும் பொருந்தும்.

நம்மவர்களின் தலைவலி சுவரில் பூக்கும் கரும்பூசணம். இட்லி ஆவி, சாம்பார் கொதி, அறைக்குள் உலர்த்தும் துணி எல்லாம் போய்க் குளிர்ந்த சுவரில் தண்ணீராகப் படியும். மாதம் முடிவதற்குள் பீரோவுக்குப் பின்னால் கறுப்பு. வீட்டுக்காரர் அட்வான்ஸில் பிடிப்பார். குளிருகிறது என்று ஜன்னலை மூடியே வைக்காதீர்கள். ஜெர்மானியர்கள் செய்வதுபோல நாளுக்கு இரண்டு மூன்று முறை, 5 முதல் 10 நிமிடம், முழுதாகத் திறந்து மூடுங்கள். நாள் முழுக்கச் சாய்த்துத் திறந்து வைப்பது சுவரைத்தான் குளிர வைக்கும். சமைக்கும்போது மூடி போடுங்கள், பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளுங்கள். குடிபோகும் அன்றே மூலை முடுக்கெல்லாம் தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

9. மருந்தும் காகிதமும்

மருந்துச் சீட்டில் கம்பெனிப் பெயரோடு மூலமருந்தின் பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள். நம் ஊர் பிராண்டு பெயர் வெளிநாட்டு மருந்துக்கடைக்குப் புரியாது. இன்சுலினைச் செக்-இன் பெட்டியில் போடவே கூடாது, உறைந்தால் கெட்டுவிடும், கரைந்த பிறகும் பயன்படுத்தக் கூடாது. வெளியே போகும்போது சட்டையின் உள்பக்கம் வையுங்கள். சர்க்கரை பார்க்கும் கருவி குளிரில் பிழை காட்டினால் சூடான அறையில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

10. உடம்பு காட்டும் எச்சரிக்கை

விரலோ காதோ மூக்கோ வெளுத்து, மெழுகுபோல் ஆகி, உணர்ச்சி போனால் அது உறைபுண். பனியை வைத்துத் தேய்ப்பதும், கையால் கசக்குவதும், ஹீட்டரில் நேராகக் காட்டுவதும் சதையைக் கெடுக்கும். உள்ளே போய், மறுபடி உறையாது என்று உறுதியான பிறகு, 37 முதல் 39 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் முக்குங்கள். சூட்டை வேறொருவர் முழங்கையால் பார்க்கட்டும், மரத்த கைக்குச் சூடு தெரியாது. பிறகு மருத்துவமனை.

நடுக்கம் வந்து, பேச்சு குழறி, தூக்கக் கலக்கமும் குழப்பமும் இருந்தால் உடம்புச் சூடு 35 டிகிரிக்குக் கீழே போயிருக்கலாம். ஈரத்துணியைக் கழற்றி, உடம்பின் நடுப்பகுதியை முதலில் போர்த்தி, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்: இந்தியாவிலும் ஜெர்மனியிலும் 112, கனடாவில் 911, பிரிட்டனில் 999. நடுக்கம் தானாக நின்றுவிட்டால் அது குணமான அறிகுறி இல்லை, ஆபத்து முற்றிய அறிகுறி. ஒரு கட்டிங் போட்டால் சூடாகும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். மது தோலுக்கு ரத்தத்தை இழுத்து உள்சூட்டை வெளியே விட்டுவிடும். சூடாக இருப்பதுபோலத் தோன்றும்போதே உடம்பு குளிர்ந்துகொண்டிருக்கும்.

11. திரும்பி வந்த பிறகு

கம்பளியை அழுக்கோடு பெட்டியில் போட்டால் பூச்சி அரிக்கும். துவைத்து, நிழலில் முழுக்கக் காயவைத்து, நாப்தலீன் உருண்டையோடு பாலித்தீன் பையில் கட்டுங்கள். பூட்ஸுக்குள் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து வையுங்கள். கடலோரக் காற்றில், அதிலும் ஐப்பசி, கார்த்திகை மழையில், தோல் பூட்ஸ் பூத்துப்போகும். அந்த இரண்டு மாதமும் வாரம் ஒருமுறை வெளியே எடுத்து உதறுங்கள்.